பிள்ளையைப் பள்ளியிலிருந்து முறைப்படி எடுத்து வீட்டில் படிக்க வைக்க: டி.சி. கடிதம் முதல் பத்தாம் வகுப்பு வரை

இனி பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று முடிவெடுத்த பெற்றோர் பலர், மறுநாளிலிருந்தே அனுப்பாமல் நிறுத்திவிடுகிறார்கள். டி.சி.யை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. பின்னால் வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கேதான் முளைக்கின்றன. பெயர் வருகைப் பதிவேட்டில் அப்படியே இருக்கும், தினமும் ஆப்சென்ட் விழும். கொஞ்ச நாளில் நீண்டகாலம் வராதவர் பட்டியலில் ஏறும். அங்கிருந்து இடைநின்ற குழந்தை என்ற கணக்குக்குப் போய்விடும். நீங்கள் வீட்டில் காலை முதல் மாலை வரை அக்கறையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அரசுக் கோப்பைப் பார்க்கிறவருக்கோ, வேலைக்கு அனுப்பிவிட்டார்களா, கல்யாணம் பேசுகிறார்களா என்று விசாரிக்கப்பட வேண்டிய பிள்ளை அது.

அதனால் வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எந்த வாரியத்தில் பத்தாம் வகுப்பு எழுதப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்தது டி.சி. பள்ளியை நிறுத்துவது கடைசியில். தமிழ்நாட்டுச் சூழலை மட்டும் வைத்தே எழுதுகிறேன். வெளிநாடுகளிலும் பிற மாநிலங்களிலும் நடைமுறை வேறு.

சட்டத்தில் எங்கே நிற்கிறோம்

வீட்டில் படிக்க வைக்கலாம் என்று வெளிப்படையாக அனுமதிக்கும் சட்டம் இங்கே இல்லை. அப்படிச் செய்யும் பெற்றோரைத் தண்டிக்கும் பிரிவும் கல்வி உரிமைச் சட்டத்தில் இல்லை. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்குகிறது. 'கட்டாயம்' என்ற சுமையை அது முதன்மையாக அரசின் தலையில்தான் வைக்கிறது. ஆனால் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோரின் கடமை என்கிறது. தவறினால் இன்ன தண்டனை என்று அச்சட்டம் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக்கென்று 1994ஆம் ஆண்டின் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டமும் இருக்கிறது. அதுவும் பெற்றோருக்குக் கடமை விதிக்கிறது. இரண்டையும் ஒருமுறை பொறுமையாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள். சட்டப்படி முழுப் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும் என்று பயமுறுத்துகிறவரையும் நம்ப வேண்டாம்.

வீட்டில் கல்வி என்பதைச் சட்டமே நேரடியாகப் பேசும் இடம் ஒன்று உண்டு. 2012-இல் கொண்டுவந்த திருத்தம், பல்வகை மாற்றுத்திறனும் கடுமையான மாற்றுத்திறனும் கொண்ட குழந்தைகள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைத் தந்தது. உங்கள் பிள்ளை அந்த வகைக்குள் வந்தால், பெயரைப் பள்ளியிலிருந்து எடுக்கவே வேண்டாம். பள்ளிப் பதிவேட்டில் பெயரை வைத்துக்கொண்டே வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வரும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். டி.சி. வாங்கி வெளியே வந்தால் அந்த உதவி கைநழுவிப் போகும். இந்தப் பிள்ளைகளின் பெற்றோர்தான் பள்ளியின் அலட்சியம் தாங்காமல் அவசரப்பட்டு எடுத்துவிடுகிறார்கள். இவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

முன்அனுமதி கேட்கும் விண்ணப்பம் என்று எதுவும் கிடையாது. பதிவு செய்துகொள்ளும் அரசு அலுவலகமும் இல்லை. இணையத்தில் 'வீட்டுக்கல்விப் பதிவுச் சான்றிதழ்' தருகிறோம் என்று பணம் வாங்குகிறவர்களின் தாளுக்குச் சட்ட மதிப்பு ஒன்றும் இல்லை. பாடப்பொருள் நன்றாக இருந்தால் அதற்காகப் பணம் கொடுங்கள், சான்றிதழுக்காகக் கொடுக்காதீர்கள்.

எடுப்பதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், போகிறவற்றின் பட்டியல் பெரியது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-இல் அது விரிந்தது. இரண்டுக்கும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. நடுவில் இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு எட்டாம் வகுப்பில் திரும்பச் சேர்த்தாலும் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 6 முதல் 12 வரையிலான பள்ளிப் படிப்பைத்தான் பார்க்கின்றன.

தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறதல்லவா, அதற்கு 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்கான சான்று கேட்கிறார்கள். வீட்டில் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தோம் என்பது அங்கே எடுபடாது. குடும்பத்தில் அரசு வேலைதான் இலக்கு என்றால் இந்த ஓர் இழப்பையே தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்த பிள்ளையும் கவனிக்க வேண்டிய கதைதான். அந்த இடம் நுழைவு வகுப்பில் மட்டுமே தரப்படுவது. விட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்துப் போய் மறுபடி கேட்க முடியாது.

எந்தத் தேர்வு, எந்த வயது

வெளியே வர மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதுவது. இதை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுத 14½ வயது நிறைந்திருக்க வேண்டும், எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டும். பிள்ளையை ஐந்தாம் வகுப்போடு எடுத்தவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கு அவர்களிடம் தாள் இருக்காது. அதற்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு என்று ஒன்று இருக்கிறது, அதை எழுத 12½ வயது. ஆக, பன்னிரண்டரையில் எட்டு, பதினான்கரையில் பத்து என்று காலண்டரில் குறித்துவிட வேண்டும். விண்ணப்ப அறிவிப்பு நாளிதழில் ஒரு சின்னப் பத்தியாக வந்துபோகும். இயக்ககத்தின் இணையதளத்திலும் வரும். விண்ணப்பத்தை மாவட்டந்தோறும் உள்ள அரசுத் தேர்வுகள் சேவை மையங்களில்தான் பதிய வேண்டும். தவறவிட்டால் தத்கல் முறையில் கூடுதல் கட்டணத்தோடு ஒரு சிறிய அவகாசம் தருவார்கள்.

இந்த வழியில் பலர் ஒரு முழு ஆண்டை இழப்பது அறிவியல் செய்முறையால். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தனித்தேர்வர், தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகப் பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளிக்குப் போய் வர வேண்டும். பெயர் பதியாதவருக்குத் தேர்வு விண்ணப்பமே நகராது. தேர்வு அறிவிப்பை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

இரண்டாவது என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. இங்கே பத்தாம் வகுப்புக்கு 14 வயது, பன்னிரண்டாம் வகுப்புக்கு 15. முந்தைய பள்ளிச் சான்று இல்லாதவரும், இந்தப் பாடங்களைப் படிக்கும் தகுதி எனக்கு உண்டு என்ற சுயசான்று கொடுத்துப் பத்தாம் வகுப்பில் சேரலாம். அதனால்தான் வீட்டில் படிப்பவர்களில் நிறையப் பேர் இந்த வழியில் போகிறார்கள். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும், இரண்டு மொழிக்கு மேல் கூடாது. தேர்ச்சிக்கு 33 விழுக்காடு. ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும், ஒன்பது முறை தேர்வெழுதும் வாய்ப்பு உண்டு. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு தேர்வு. இரண்டு பாடம் இந்த முறை, மூன்று பாடம் அடுத்த முறை என்று பிரித்தும் எழுதலாம். பதற்றப்படும் பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே பெரிய வரம். பத்தாம் வகுப்பில் பல பாடங்களைத் தமிழ்வழியிலும் எடுக்கலாம். ஆனால் தேர்ந்தெடுக்கும் பாடத்துக்குத் தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா என்று பதிவு செய்வதற்கு முன்பே பாருங்கள்.

அதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புகளுக்கு (அசைன்மென்ட்) 20 விழுக்காடு மதிப்பெண். கடைசித் தேதி தேர்வுக்கு வெகு முன்பே வந்துவிடும், கவனிக்காமல் விட்டால் அந்த 20 போனதுதான். அறிவியல் பாடங்களின் செய்முறைக்கு ஒதுக்கப்பட்ட கல்வி மையத்துக்கு நேரில் போக வேண்டும். வீட்டிலிருந்து தொலைவான மையத்தைப் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வீண். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். ஓராண்டிலேயே எழுதுகிறவர் நான்கு பாடத்துக்கு மேல் எழுத முடியாது, மிச்சத்தை அடுத்த ஆண்டுதான். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் இந்த விதியைக் கடைசியில் பார்க்கிறார்கள். பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தவர் நீட் எழுதலாம். திறந்தநிலைப் பள்ளி மாணவர்களைத் தள்ளிவைத்த பழைய விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் ரத்து செய்தது, உச்ச நீதிமன்றத்திலும் 2024-இல் அவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது. ஜே.இ.இ.க்கு ஐந்து பாடத்தில் தேர்ச்சி வேண்டும். குறிப்பிட்ட கல்லூரியோ மாநில அரசு வேலையோ மனதில் இருந்தால், அவர்களுடைய தகுதி விதிகளை எடுத்துத் திறந்தநிலைப் பள்ளிச் சான்று பற்றி எழுதியிருக்கிற வரியைப் படித்துவிட்டே சேருங்கள்.

மூன்றாவது, பத்தாம் வகுப்பு நிலையிலான வெளிநாட்டு வாரியத் தேர்வான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ.யைத் தனித்தேர்வராக எழுதுவது. பாடத்துக்குப் பாடம் கட்டணம், மொத்தச் செலவு மற்ற இரண்டையும் விடப் பல மடங்கு. வெளிநாட்டுப் படிப்பு எண்ணமிருக்கும் குடும்பங்களுக்கு மட்டும் பொருந்தும். இந்தியக் கல்லூரிக்குப் போக இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு தரும் இணைத்தன்மைச் சான்று தேவைப்படும். அவர்கள் கேட்கும் பாட எண்ணிக்கையைப் பார்த்துப் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

சி.பி.எஸ்.இ. இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஏற்கெனவே எழுதித் தோற்றவர், மதிப்பெண் உயர்த்த விரும்புபவர், இன்னும் சில குறுகிய விதிவிலக்குகள், இவர்களுக்குத்தான் அங்கே தனித்தேர்வு. வீட்டிலிருந்து நேராக வரும் பிள்ளைக்கு அந்த வாசல் இல்லை. பெயரை மட்டும் ஒரு பள்ளியில் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம் என்று ஏற்பாடு செய்து தருகிறவர்களிடம் போகாதீர்கள். அங்கே 75 விழுக்காடு வருகை கட்டாயம். திடீர் ஆய்வில் மாட்டினால் தேர்வுக்கு முந்தைய மாதம் நிற்க இடமில்லாமல் போவது பிள்ளைதான்.

டி.சி. கேட்கும் கடிதம்

ஏற்ற நேரம் ஏப்ரல் கடைசி, மே. ஆண்டுத் தேர்வு முடிந்திருக்கும், சான்றிதழில் மேல் வகுப்புக்குத் தகுதி பெற்றார் என்ற வரி ஏறும். கல்வியாண்டின் நடுவில் எடுத்தால் அந்த வகுப்பு பாதியில் நின்றதாகவே பதிவாகும், கட்டணச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். பிள்ளை அடி வாங்குகிறது, கேலியால் நொந்துபோயிருக்கிறது, உடம்பு கெடுகிறது என்றால் மே மாதம் வரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன். அப்போதும் கடிதம் கொடுத்த நாளே கடைசி நாளாக இருக்கட்டும்.

அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் தலைமையாசிரியர் டி.சி. தரத் தயங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். சின்னப் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் இடமாறுதலில் போக வேண்டிவரலாம். அவர் கெஞ்சுவதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாமல் பேசினால் வேலை சுமுகமாக முடியும்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். இப்படி எழுதலாம் (எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளம்):

"பொருள்: மாற்றுச் சான்றிதழ் கோருதல் – தொடர்பாக. மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, தங்கள் பள்ளியில் 5ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் பயிலும் எங்கள் மகளை (எமிஸ் எண் …) இக்கல்வியாண்டு முடிவோடு பள்ளியிலிருந்து விலக்கிக்கொள்கிறோம். எங்கள் மேற்பார்வையில் அவர் வீட்டில் கல்வியைத் தொடர்வார். வருகைப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கி, மாற்றுச் சான்றிதழ், இதுவரையிலான மதிப்பெண் பட்டியல்கள், பயிற்றுமொழிச் சான்று, நன்னடத்தைச் சான்று ஆகியவற்றை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

தாய், தந்தை இருவரும் கையெழுத்திடுங்கள். பிரிந்து வாழும் பெற்றோர் என்றால் இது இன்னும் முக்கியம். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு எடுத்தால், படிப்பை நிறுத்திவிட்டார் என்று மற்றவர் நீதிமன்றத்தில் சொல்ல அது வசதியாகிவிடும். பள்ளியைப் பற்றிய குறைகளை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். புகார் இருந்தால் அதைத் தனியாகக் கொடுங்கள்.

ஊர் மாறுகிறோம், வேறு பள்ளியில் சேர்க்கிறோம் என்று எழுதச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். எழுதாதீர்கள். டி.சி. போட்டதும் எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகும். புதிய பள்ளி அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ளும். வேறு பள்ளி என்று சொல்லிவிட்டு எந்தப் பள்ளியும் எடுக்காமல் பெயர் அங்கேயே கிடந்தால், தேடி வருகிறவர் முதலில் கண்டுபிடிப்பது உங்கள் பொய்யைத்தான். சான்றிதழில் காரணம் எழுதும் இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று போட்டால் போதும்.

கடிதத்தை இரண்டு படியாகக் கொண்டுபோங்கள். ஒன்றில் பள்ளி முத்திரை, தேதி, வாங்கிக்கொண்டவர் கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் ஒப்புகை கேட்டு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

டி.சி.யைக் கையில் வாங்கியதும் அலுவலக மேசையிலேயே நின்று படியுங்கள். பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கிறதா? பெயரின் எழுத்துக்கூட்டலும் தலைப்பெழுத்தும் பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் பொருந்துகின்றனவா? தலைப்பெழுத்து ஆதாரில் பெயருக்குப் பின்னாலும் டி.சி.யில் முன்னாலும் இருப்பது சர்வசாதாரணம், அதுவே பின்னால் விண்ணப்பத்தில் இடிக்கும். பெற்றோர் பெயர், சாதிப் பிரிவு, பயிற்றுமொழி, அங்க அடையாளம், கடைசியாகப் பள்ளிக்கு வந்த நாள், மேல் வகுப்புத் தகுதி என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பாருங்கள். பிழை இருந்தால் சான்றிதழில் மட்டும் அடித்துத் திருத்துவதை ஏற்காதீர்கள். மூலம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, முதலில் அங்கே திருத்த வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சான பிறகு பெயரையும் பிறந்த தேதியையும் மாற்றுவது பெரும்பாடு. வண்ணத்தில் ஸ்கேன் எடுத்து வையுங்கள், லேமினேட் செய்யாதீர்கள். அசலை, இன்னொரு பள்ளியில் உண்மையில் சேரும்போது தவிர வேறெங்கும் கொடுக்க வேண்டாம்.

கட்டணப் பாக்கி என்று சொல்லி டி.சி.யை நிறுத்திவைக்கும் பள்ளிகள் இருக்கின்றன. டி.சி. என்பது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொன்னது. சான்றிதழில் பாக்கி பற்றி எதையும் எழுதக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. பாக்கியைப் பள்ளி வேறு வழியில் கேட்டுக்கொள்ளலாம். இதைக் கடிதத்தில் குறிப்பிட்டாலே பெரும்பாலும் இறங்கிவருவார்கள். இல்லையென்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலரில் தொடங்குங்கள். 14417 கல்வி உதவி எண்ணில் பேசிப் பதிவெண் வாங்கிக்கொண்டால் மேலிடத்தில் சொல்ல ஓர் ஆதாரம் இருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு டி.சி.யைத் தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. ஆனால் அது வேறு பள்ளிக்கு மாறும் குழந்தையை மனதில் வைத்து எழுதப்பட்ட பிரிவு, அதை மட்டும் நம்பி வாதாடாதீர்கள்.

கதவைத் தட்டும்போது

ஆண்டுதோறும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஆசிரியர் பயிற்றுநரோ அருகிலுள்ள பள்ளி ஆசிரியரோ பொதுத் தொகுப்புப் பட்டியலோடு வீட்டுக்கு வருவார், அல்லது தொலைபேசியில் கேட்பார். அக்கம்பக்கத்தார் யாராவது குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லியும் வரலாம். பாதுகாப்பில்லாத பிள்ளைகளை மீட்டெடுப்பதுதான் இந்த ஏற்பாடுகளின் நோக்கம். அது நன்றாக நடக்க வேண்டும் என்று நாமும் விரும்ப வேண்டும். உள்ளே அழைத்து உட்கார வைத்து, டி.சி. நகலையும் பிள்ளையின் நோட்டுகளையும் காட்டுங்கள். பிள்ளையிடம் பேசட்டும். எதையாவது எழுதிக் கையெழுத்துக் கேட்டால், படிப்பை நிறுத்தவில்லை, பெற்றோர் மேற்பார்வையில் வீட்டில் தொடர்கிறது என்ற வாசகம் அதில் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு படமும் எடுத்துக்கொண்டு போடுங்கள். வேலை நேரத்தில் பிள்ளை கடையில் உட்கார்ந்து கல்லா பார்ப்பது, தறியில் கை கொடுப்பது என்றெல்லாம் இருந்தால் நிலைமை வேறு. 14 வயதுக்குக் கீழே வேலை செய்ய வைப்பது குற்றம், வீட்டுத் தொழிலில் உதவி என்ற விலக்கும் படிப்பு நேரத்துக்கு வெளியேதான்.

காட்டுவதற்கென்று ஒரு கோப்பு இருந்தால் நல்லது. மாதத்துக்கு ஐந்தாறு தாள் போதும். அந்த மாதம் படித்த புத்தகங்கள், போட்ட கணக்குகளில் இரண்டு பக்கம், தமிழில் ஒன்று ஆங்கிலத்தில் ஒன்று என்று பிள்ளை கையால் எழுதிய தாள், போய்வந்த இடம், எல்லாவற்றிலும் தேதி. தேதியில்லாத தாள் எத்தனை இருந்தாலும் பயனில்லை. மாநிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த முறையில் சொல்லிக்கொடுத்தாலும் வயதுக்குரிய வகுப்பின் கணக்கையும் தமிழையும் ஓரமாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள்.

பள்ளி சத்தமில்லாமல் செய்துவந்த உடல்நல வேலைகளைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசி, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் குடற்புழு மாத்திரை, வளரிளம் பருவத்தில் வாராந்தர இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் வகுப்பறையிலேயே முடிந்துவிடும் சங்கதிகள். இனி அவற்றை ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று. நாலைந்து குடும்பம் சேர்ந்து வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைப்பது அவசியமும்கூட, பிள்ளைக்குத் தோழர்கள் வேண்டாமா? ஆனால் வீடு வாடகைக்கு எடுத்து, ஆசிரியர் வைத்து, மாதக் கட்டணம் வாங்கி, தினமும் நடத்தினால் அது அங்கீகாரம் இல்லாத பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம். பெயர்ப்பலகை மாட்டவே மாட்டாதீர்கள்.

திரும்பச் சேர்க்க நேர்ந்தால்

நேரும். அம்மாவுக்கு வேலை மாறலாம், பிள்ளையே பள்ளிக்குப் போகிறேன் என்று கேட்கலாம். 14 வயதுக்குள் என்றால் அரசுப் பள்ளியில் தடையில்லை. வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விடுபட்டதற்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. டி.சி. வரத் தாமதம் என்பதும் வயதுச் சான்று இல்லை என்பதும் சேர்க்கையை மறுக்கக் காரணமாகாது. கல்வியாண்டு தொடங்கிய பிறகும் சேர்க்கலாம். தனியார் பள்ளிகளில் இடம் இருப்பதும் அவர்கள் மனம் வைப்பதும்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்பதாம் வகுப்பு. கல்வி உரிமைச் சட்டத்தின் கை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதில் சேரப் போனால் எட்டாம் வகுப்பு முடித்ததற்குத் தாள் கேட்பார்கள், வெறும் டி.சி.யில் ஐந்தாம் வகுப்பு என்றுதான் இருக்கும். ஆகவே பள்ளிக்குத் திரும்பும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பின் தொடக்கத்திலோ சேர்த்துவிடுங்கள். அது முடியாதென்றால் பன்னிரண்டரை வயதில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுத வையுங்கள், அல்லது திறந்தநிலைப் பள்ளியின் அடிப்படைக் கல்வியில் எட்டாம் வகுப்புக்கு இணையான 'சி' நிலையை முடித்துவிடுங்கள். திறந்தநிலைப் பள்ளியில்தான் பத்தாம் வகுப்பு என்று உறுதியாக இருப்பவர்களும் தனித்தேர்வை எழுதி வைப்பது நல்லது என்பது என் கருத்து. செலவு குறைவு, பிள்ளைக்குத் தேர்வறைப் பழக்கமும் வரும். மாநிலப் பத்தாம் வகுப்பா திறந்தநிலையா என்று பதினான்கு வயதில் பிள்ளையையே கேட்டு முடிவு செய்யலாம்.